உடனடி பிலிம் காமிரா: ஆரம்பநிலையினர்க்குரிய தெரிவு

உடனடி பிலிம் காமிரா என்பது, படம் பிடித்த மாத்திரத்தில் பிலிம் தாளைத் தானே வெளியே தள்ளி, கழுவ இருட்டறையோ பிரிண்ட் போட ஸ்டூடியோவோ வேண்டாதபடி, சில நிமிஷங்களில் பிம்பத்தைத் துலக்கிக் காட்டும் சாதனமாகும். தாளின் விளிம்பில் ரசாயனக் கூழ் அடைத்த சிறு பை இருக்கிறது; வெளிவரும் வழியில் இரண்டு உருளைகள் அதை நசுக்கிக் கூழைத் தாளினுள் சீராகப் பரப்ப, அதனால் வண்ணம் துலங்குகிறது. வெளிவந்த தாளைக் கையில் பிடித்து உதறுவோர் எங்கும் உளர்; அதனால் பயன் ஒன்றுமில்லை.

இம்முறையைக் கண்டவர் எட்வின் லேண்ட் (1909–1991) என்னும் அமெரிக்க விஞ்ஞானி. எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அவருடைய மூன்று வயது மகள் 1943-ல் கேட்ட கேள்வியே இதற்கு வித்து என்பர். 1947 பிப்ரவரி 21-ல் நியூயார்க்கில் அறிஞர் முன்னிலையில் செய்து காட்டப்பட்ட இது, மறு ஆண்டு நவம்பரில் பாஸ்டனில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்துத் தாளை உரித்தெடுக்க வேண்டும். உரிக்க வேண்டாத ஒற்றைத் தாளை லேண்டின் போலராய்ட் நிறுவனம் 1972-ல்தான் வெளியிட்டது. 1998-ல் ஜப்பானின் பியூஜி பிலிம் நிறுவனம் இன்ஸ்டாக்ஸ் வகையை வெளியிட்டது. 2008-ல் போலராய்ட் நிறுவனம் பிலிம் உற்பத்தியைக் கைவிட்டபோது, அதன் நெதர்லாந்து ஆலையை வேறு சிலர் ஏற்று நடத்தி, அப்பெயருக்கே மீண்டும் உயிர் கொடுத்தனர்.

தெரிவு செய்யப் புகுவோர் காமிராவின் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்குமுன் பிலிமையே பார்த்தல் வேண்டும்; காமிராவை ஒருமுறை வாங்குகிறோம், பிலிமையோ பத்துப் படத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். இன்ஸ்டாக்ஸ் மினி பெட்டியில் பத்துத் தாள் உண்டு. படத்தின் அளவு 62 மில்லிமீட்டருக்கு 46. போலராய்டின் படம் பெரிது, அழகும் ஒருபடி கூடுதல் என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் பெட்டிக்கு எட்டுத் தாளே, விலையும் அதிகம். அன்றியும் அது 13 முதல் 28 டிகிரி வரையிலான உஷ்ணத்தில் துலங்குமாறு செய்யப்பட்டது; மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவ்வெல்லையைக் கோடையில் காலைப் பலகாரத்துக்கு முன்பே கடந்துவிடும், படமும் மஞ்சள் பாரித்துப்போம். இன்ஸ்டாக்ஸ் 40 டிகிரி வரை தாங்கும். ஆதலின் இவ்வூர்களில் முதன்முதலாக வாங்குவோர்க்கு, வெளிச்சத்தைத் தானே அளந்துகொள்ளும் இன்ஸ்டாக்ஸ் மினி வகையே தகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. பிலிம் பெட்டியை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் விட்டுச் செல்லுதல் எவ்வகைக்கும் ஆகாது.

இவ்வகையின் குறைகளையும் அறிந்தே வாங்க வேண்டும். இதன் பிளாஷ் இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால்வரைதான் எட்டும். இராக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை நோக்கிப் பொத்தானை அமுக்குவோர்க்குக் கிடைப்பது கறுப்புத் தாளே. பகலில், ஏறக்குறைய கோபுரத்தின் உயரமளவு பின்வாங்கி நின்று காமிராவைச் செங்குத்தாகப் பிடித்துச் சற்றே அண்ணாந்தால், அது முழுதும் அடங்கும். உச்சி வெயிலிலோ ஷட்டர் எத்துணை விரைந்தும் போதாமல் வானம் வெளிறிப்போம். பால்கோவா கிண்டும் இரும்புச் சட்டியை நெருங்கி எடுப்போர், பார்க்கும் துவாரம் லென்ஸுக்குப் பக்கவாட்டில் இருப்பதை மறத்தலாகாது. துவாரத்தில் நடுவே தெரிந்த துடுப்பு, தாளில் ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

எல்லாவற்றினும் கடினமான பரீட்சை ராஜபாளையம் நாய்தான். பால்வெண்மையான அந்த ஜாதி நாயை இருண்ட தாழ்வாரத்தில் நிறுத்தினால், காமிரா இருளையே அளந்து ஒளியை மிகுதியாக விட, நாய் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டும், அதில் இளஞ்சிவப்பு மூக்கும் இரண்டு கண்களுமே எஞ்சும். அதையே சுண்ணாம்பு அடித்த சுவரின் நிழலில் நிறுத்தினால் ரோமத்தின் மடிப்பும் விலாவின் கோடும் தெரியவரும். மிக ஒளிர்ந்ததையும் மிக இருண்டதையும் ஒருங்கே ஏற்க இத்தாளுக்கு இயலாது என்பதே காரணம்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் தேரைப் படமெடுக்க வேண்டும் என்னும் ஆசையால் இக்காமிராவை வாங்குவோர், முதல் பெட்டியை அத்திருநாளுக்கென்று பத்திரப்படுத்தி வைக்காமல், ஒரு மாதம் முன்னதாகவே தம் வீட்டுத் திண்ணையில், காலை எட்டு மணி வெயிலில், பத்துத் தாளையும் செலவழித்துப் பழகிக்கொள்வார்களாக.