சேலத்து ஜவ்வரிசி: ஆலையும் சந்தையும்

சிறுதொழில் ஒன்றைத் தனியொருவர் திட்டமிடும்போது முதல், இயந்திரம், மூலப்பொருள் ஆகியவற்றையே பெரும்பாலும் கணக்கில் கொள்கிறார். செய்த பொருளை எவர், எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்குவார் என்பது பின்னால் பார்த்துக்கொள்ளக்கூடிய காரியமாகத் தள்ளிவைக்கப்படுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசித் தொழில் இதற்கு நேர்மாறாகப் பிறந்தது. அதற்கான சந்தை முன்பே இருந்தது. பொருள்தான் வராமல் நின்றுபோயிருந்தது.

மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிகளிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சேகோ, அதாவது ஒருவகைப் பனையின் தண்டிலுள்ள மாவிலிருந்து செய்யப்படும் அரிசி, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதைத் தொடர்ந்து இந்தியத் துறைமுகங்களுக்கு வருவது தடைப்பட்டது. தொழில் நிமித்தம் கேரளத்துக்குச் சென்றுவந்த சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் அங்கு ஏராளமாக விளைந்த மரவள்ளிக்கிழங்கைக் கண்டு, இறக்குமதி மாவுக்கு மாற்றாக அதன் மாவை விற்க முனைந்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷா என்பவருக்குச் சேகோ செய்யும் முறை தெரிந்திருந்தது. ஒருவரிடம் கிழங்கு கிடைக்கும் இடம் பற்றிய அறிவும் மற்றவரிடம் செய்முறையும் இருந்தமையால், 1943-இல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில், கையால் இயக்கும் எளிய கருவிகளைக் கொண்டு தொடங்கியது.

அடுத்த ஆண்டே இத்தொழில் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. உணவுத் தட்டுப்பாட்டின் காரணமாக, ஏழைகள் உண்ணும் கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாதென 1944-இல் மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். சரக்கு மாவட்டத்தை விட்டு வெளியே செல்வதும் தடுக்கப்பட்டது. உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு மேலிடத்தில் முறையிட்டு அந்த ஆணையை விலக்கச் செய்தனர். போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மீண்டும் வரத் தலைப்பட்டபோது, இறக்குமதியைக் கட்டுப்படுத்தக் கோரியதும் அதே சங்கந்தான். தனித்தனியே ஆலை நடத்தியவர்கள் சந்தை பற்றிய காரியத்தில் மட்டும் முதலிலிருந்தே கூட்டாகச் செயல்பட வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆலையின் வேலைமுறையை அறிந்தால்தான் அந்தக் கட்டாயம் விளங்கும். இவ்வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்றும் வழங்கப்படும் மரவள்ளியைக் கழுவித் தோலுரித்து அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கி வைத்தால் மாவு அடியில் படியும். அந்த ஈர மாவை உதிர்த்துக் குலுக்கி மணிகளாக உருட்டி, சூடான தட்டில் வறுத்துக் களத்தில் உலர்த்தினால் சாதாரண ஜவ்வரிசியும், வறுப்பதற்குப் பதிலாக நீராவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசியும் கிடைக்கும். எஞ்சும் சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாக விலைபோகிறது. பிடுங்கிய கிழங்கு சில நாள்களிலேயே கெட்டுவிடுமாதலால் அறுவடைக் காலத்தில் ஆலை ஓயாமல் ஓடியாக வேண்டும்; கிழங்குக்கு, அதிலுள்ள மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து, உழவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். சரக்கு குவிவதும், கையிருப்புப் பணம் கரைவதும், விலை சரிவதும் ஒரே சமயத்தில் நேர்கின்றன.

வாங்குவோரோ தொலைவில் இருக்கின்றனர். சேலத்து ஜவ்வரிசி தமிழ்நாட்டில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் ஓரளவே செலவாக, பெரும்பங்கு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதங்களின்போது சாபுதானா கிச்சடியாக உண்ணப்படுகிறது. தன் பொருளை உண்பவரின் பஞ்சாங்கத்தை அறியாத ஆத்தூர், ராசிபுரம் ஆலைக்காரருக்கும் அந்த வடநாட்டு நுகர்வோருக்கும் இடையே நின்றவர் வணிகரும் தரகருமே. அவரிடம் முன்பணம் வாங்கியவர் விலை பேசும் உரிமையையும் அவரிடமே ஒப்படைத்தவரானார். கிடங்கு இல்லாதவர் அன்றைய விலைக்கே விற்றார். இதை வணிகரின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கடன், கிடங்கு, சந்தைச் செய்தி ஆகிய மூன்றும் ஒரே கையில் இருக்கும் எந்தத் தொழிலிலும் நடப்பதே இங்கும் நடந்தது.

இந்நிலையை மாற்றவே ‘சேகோசர்வ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேலம் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர் சேவைத் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1981-இல் தோன்றியது. இன்று சேலத்தின் ஜாகிர் அம்மாபாளையத்தில், ஓமலூர் சாலையில் இயங்கும் இச்சங்கம் உற்பத்தியில் தலையிடவில்லை; ஆலைகள் அவரவர் உடைமையாகவே நீடித்தன. உறுப்பினர் கொண்டுவரும் மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, அவற்றின் பேரில் முன்பணம் அளித்து, மாதிரிகளை வணிகர் பார்வைக்கு வைத்து, மறைமுக ஒப்பந்தப்புள்ளி வழியே அதிக விலை கேட்டவருக்கு விற்றுக்கொடுப்பதே அதன் பணி. மறைமுக ஒப்பந்தப்புள்ளி என்பது, ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாதபடி ஒவ்வொருவரும் தனித்தனியே விலை குறித்துக் கொடுக்கும் முறை. கேட்ட விலை பிடிக்காவிட்டால் சரக்கை விற்காமல் நிறுத்திவைக்கலாம் என்ற ஒரே வசதி, சிறிய ஆலைக்காரருக்கு அதுவரை இல்லாத பேர ஆற்றலைத் தந்தது.

ஆயினும் எல்லாச் சரக்கும் சங்கத்தின் வழியே போகவில்லை. கட்டணத்தைத் தவிர்க்கவும், உடனடி ரொக்கத்துக்காகவும் நேரடியாக வெளிச்சந்தையில் விற்பவர் எப்போதும் இருந்தனர். சங்கத்தின் ஒப்பந்தப்புள்ளியில் உருவாகும் விலையைத் தாங்கள் தனியே பேரம் பேசுவதற்கு அடிப்படையாகப் பயன்படுத்திக்கொண்டே அதைத் தாங்கி நிற்கும் சங்கத்தை அவர்கள் விலக்கினர் என்பது விசித்திரமே. வாங்குவோர் வெண்மையையே தரமாகக் கருதியதால் மணியை வெளுப்பதற்கு வேதிப்பொருள் சேர்ப்பதும், மரவள்ளி விலையேறும் காலத்தில் மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதும் தலையெடுத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் நடவடிக்கைக்கு உள்ளாயின. கலப்படத்தால் இலாபம் ஓர் ஆலைக்கும் அவப்பெயர் எல்லா ஆலைகளுக்கும் சேர்ந்ததால், பெயரைக் காப்பதும் சங்கத்தின் சுமையாயிற்று.

2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட வட்டாரத்தில் விளைந்து உருவாகும் பொருளுக்கே அந்த ஊர்ப்பெயரை உரித்தாக்கும் சட்டப் பாதுகாப்பு, வழங்கப்பட்டது. பிற ஊர்ச் சரக்கு இப்பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க இது உதவும்; ஆனால் பெருமூட்டைகளாக வடக்கே செல்லும் ஜவ்வரிசி அங்குள்ள வணிகரின் முத்திரையுடன் சிறு பொட்டலங்களாக மாறும் வரையில், அதை வாங்கிக் கிச்சடி சமைப்பவருக்குச் சேலம் என்ற ஊர் தெரியவர வழியில்லை.