கறுப்பினப் பெண்களும் கருப்பைக் கட்டியும்: மரபணு மட்டுமா காரணம்?

கருப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி புற்றுநோயன்று. ஆனாலும் அதிக உதிரப்போக்கு, ரத்தசோகை, கருத்தரிப்பதில் சிக்கல் எனப் பெண்ணைப் பாடாய்ப்படுத்திவிடும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இக்கட்டி இளவயதிலேயே தோன்றுகிறது. 50 வயதுக்குள் அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோருக்கு அது வருவதாக 2003ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வெள்ளையரிடையே அது ஏறத்தாழ 70 விழுக்காடு.

மரபணுமீது மட்டும் பழிபோட முடியாது. சுமார் 59,000 பேருடன் 1995ல் தொடங்கிய ‘கறுப்பினப் பெண்கள் சுகாதார ஆய்வு’ அவர்களின் அன்றாட வாழ்க்கையையும் ஆராய்ந்தது. இனப்பாகுபாட்டை அதிகம் எதிர்கொண்டதாகக் கூறியவர்களிடம் கட்டி கூடுதலாகக் காணப்பட்டது. சுருள்முடியை நேராக்கும் ரசாயனப் பசையைப் பயன்படுத்தியோரிடமும் அப்படியே என்றது 2012ல் வெளிவந்த முடிவு. தலைத்தோல் புண்கள் வழியாக ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்கள் உடலுக்குள் செல்லலாம் என்பது ஆய்வாளர்களின் ஐயம். தொடர்பு தெரிகிறது, அதுதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை.

பசையை விட்டுவிடலாமே எனச் சொல்வது எளிது. இயற்கையான சுருள்முடியுடன் வந்தால் ‘நேர்த்தியில்லை’ என முகஞ்சுளிக்கும் வேலையிடங்கள் இருக்கின்றனவே! முடியமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் ‘கிரவுன்’ சட்டத்தை அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாகக் கலிஃபோர்னியா இயற்றியதே 2019ல்தான்.