ஸ்குவாட்ரன் ஒதுக்கீடு (இந்தியா)

பயிற்சி முடித்த ராணுவ விமானி எந்த வகை விமானத்தில், எந்த ஸ்குவாட்ரனில் பணியாற்றுவார் என்று முடிவு செய்யும் முறை. தரவரிசை, பயிற்றுநரின் கணிப்பு, விமானியின் விருப்பம், படையின் அப்போதைய தேவை ஆகிய நான்கும் இதில் சேரும். எதற்கு எடை அதிகம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. படையில் ஆள் குறைந்த காலங்களில் தேவையே முந்தியதாகக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் ஒதுக்கீட்டுக்கு இடமே இருக்கவில்லை. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களுடன் அமைந்த முதல் ஸ்குவாட்ரன்தான் இந்திய விமானப்படைக்கு அப்போது இருந்த ஒரே ஸ்குவாட்ரன். இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியிலிருந்து வந்த சுப்ரதோ முகர்ஜி உள்ளிட்ட ஐவர் அதில் விமானிகளாயினர். ஆறாமவரான டாண்டன் உயரம் போதாமல் தளவாடப் பிரிவுக்குப் போனார். விண்ணப்பதாரரின் கால் நீளத்தை இன்றும் அளக்கிறார்கள். 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர்க் காலம் தமிழகத்தைப் பொறுத்தவரை தனியே பார்க்கத்தக்கது. 1939-இல் அமைந்த இந்திய விமானப்படைத் தன்னார்வ இருப்புப் படையின் கீழ் துறைமுகங்களைக் காக்கக் கடற்கரைக் காவல் பிரிவுகள் உருவாயின. முதல் எண் சென்னைக்குக் கிடைத்தது. பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகியவை அடுத்து வந்தன. பிறகு சேர்ந்த விசாகப்பட்டினத்தையும் கூட்டி ஆறு என்பாரும், தொடக்கத் திட்டத்தின்படி ஐந்து என்பாரும் உண்டு. விமானக் கழகங்களில் ஓட்டப் பழகிய இந்தியரும் ஐரோப்பியருமே இவற்றில் சேர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது, கூரையில்லாத விமானி இருக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்ட அதே பழைய வாபிட்டி. எஞ்சின் நின்றால் கீழே கடல்தான் என்ற நிலையிலும் கப்பல் வரிசைகளுக்குத் துணையாக அதை ஓட்டினார்கள். இந்தத் துணிவு வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை.

1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டின் இறுதியில் காவல் பிரிவுகள் கலைக்கப்பட்டு, ஆட்கள் புதிய ஸ்குவாட்ரன்களுக்கு மாற்றப்பட்டனர். டிசம்பர் 1 அன்று திருச்சியில் 8-ஆம் ஸ்குவாட்ரன் நிரஞ்சன் பிரசாத் தலைமையில் தொடங்கியது. அதற்கு வந்த வெஞ்சன்ஸ், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம். 1943 முடிவதற்குள் இந்த ஸ்குவாட்ரன் பர்மாவின் அரக்கான் போர்முனையில் இருந்தது.

விடுதலைக்குப் பின், 1948-இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. புதிய விமானியின் கைப்பழக்கத்தைப் பார்த்து மதிப்பிடுவோர் இங்கேயே உருவாகின்றனர்.

தற்போது விமானப்படையின் துண்டிகல் அகாடமியில் முதல்நிலைப் பயிற்சிக்குப் பின் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என மூன்றாகப் பிரிக்கிறார்கள். போர் விமானத்துக்குத் தேர்வானவர் பீதரில் ஹாக் விமானம் ஓட்டிய பிறகே ஸ்குவாட்ரனை அடைவார். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் போர் விமானப் பிரிவின் முதல் பெண் விமானிகளாயினர். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் அரக்கோணம் ராஜாளி தளத்தில் 561-ஆம் ஸ்குவாட்ரனில் பயில்கின்றனர்.

இப்படி ஒதுக்கப்படும் விமானிகள் சேரும் ஸ்குவாட்ரன்கள் சில தமிழகத்திலும் அமைந்தன. 2018-இல் தேஜஸ் போர் விமானங்களுடன் 45-ஆம் ஸ்குவாட்ரன் சூலூருக்கு வந்தது. 2020-இல் 18-ஆம் ஸ்குவாட்ரனும் அங்கே தேஜஸ் பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில் 222-ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களுடன் தஞ்சாவூரில் அமைந்தது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய உச்சிப்புளி பருந்து தளத்தில் கடற்படையின் ஆளில்லா விமானப் பிரிவு உள்ளது.