மொஹீனின் குதிரைகள்

2006-ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படம் வந்தபோது 'பீகி பீகி' பாட்டு ஒலிக்காத டீக்கடை கிடையாது. ப்ரீதம் இசை, பாடியவர் பங்களாதேஷின் ஜேம்ஸ். அரைகுறை இந்தி தெரிந்த நானும் அதையே ரிங்டோனாக வைத்திருந்தேன். பல வருஷம் கழித்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகும்வரை காத்திருந்தபோது அதை முணுமுணுத்தேன். எங்கள் ஹெட் கேஷியர் நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு, "அது உங்க இந்திப் பாட்டு இல்ல தாதா, எங்க பாட்டு" என்றார். இந்தி எப்போது எங்கள் பாட்டானது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை :-)

அவர் சொன்னதும், அப்புறம் நானாகத் தேடித் தெரிந்துகொண்டதும்தான் இது.

1975. கௌதம் சட்டோபாத்யாய், பிரசிடென்சி கல்லூரி மாணவராக இருந்தவர். பார்க் ஸ்ட்ரீட்டில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். நக்சல் இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போய், வெளியே வந்ததும் கொஞ்ச காலம் மத்தியப் பிரதேசத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். தம்பிகள், உறவினர், நண்பர்கள் என்று ஏழு பேர் சேர்ந்தார்கள். ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தரிஷி' என்று பெயர். பிறகு ரஞ்சன் கோஷால் வைத்த பெயர்தான் நிலைத்தது: 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் 'கோரா' (குதிரை) என்ற கவிதையில் மேய்கிற குதிரைகள் அவை. 1954-ல் கல்கத்தாவில் டிராம் மோதி இறந்துபோன கவிஞர் அவர்.

கிடார், வயலின், சாக்ஸபோன், புல்லாங்குழல், கூடவே பாவுல் பாடகர்களின் கிராமத்து மெட்டு. பாட்டு முழுக்க வங்காளத்தில். இன்றைக்கு இது சாதாரணம். அன்று வங்காளி வீடுகளில் ரவீந்திர சங்கீதம், இல்லாவிட்டால் ஹேமந்த குமாரும் மன்னா டேயும். கிடார் என்றால் அது பார்க் ஸ்ட்ரீட் சமாச்சாரம், அதில் தாய்மொழிக்கு இடமில்லை. இவர்களோ 'ஹாய் பாலோபாஷி'யில் பிக்காசோவையும் பாப் டிலனையும் ரவிசங்கரையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஊருக்குப் புரியவில்லை.

1977, 78, 79 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சின்ன இசைத்தட்டுகள். மொத்தம் எட்டே பாட்டு. 1979-ல் ரவீந்திர சதனில் கச்சேரி, 1980-ல் செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் நடந்த ஜாஸ் விழா. 1981-ல் குழு கலைந்தது. ஒருவர் அமெரிக்கா, ஒருவர் பெங்களூர், ஆளுக்கொரு திசை. கௌதம் சினிமா பக்கம் போனார். அவருடைய 'நாக்மொதி', சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

எங்கள் பாஷையில் சொன்னால், இது ரைட் ஆஃப் செய்த கணக்கு. வசூலாகும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

1995 கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ஒரு கேசட் வெளியானது. தலைப்பு 'ஆபார் பொச்சோர் குரி போரே', மீண்டும் இருபது வருஷம் கழித்து. குழுவின் பெயரில்தான் வந்தது, தொகுத்தவர் கௌதம். ஆனால் பாடியவர்களில் பெரும்பாலோர் புதிய பிள்ளைகள். தன் பெயரைப் பெரிதாகப் போட்டு ஒரு தனி ஆல்பம் போட்டிருக்கலாம், மனுஷன் அதைச் செய்யவில்லை. கேசட் பரவியது, மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. கல்லூரிப் பிள்ளைகள் பழைய எட்டுப் பாட்டையும் தேட ஆரம்பித்தார்கள். காக்டஸ், சந்திரபிந்து, ஃபாசில்ஸ், பூமி என்று வங்காளக் குழுக்கள் வரிசையாகப் பெயரெடுத்த காலமும் அதுதான். 1999 ஜூனில் கௌதம் இறந்துபோனார். ஆக, ஜனங்கள் அவரைக் கொண்டாடியதை அவர் பார்த்தது நாலே வருஷம்.

அந்த 1995 கேசட்டில் இருந்த 'ப்ரிதிபிடா நாகி' பாட்டின் மெட்டுதான் நான் ரிங்டோனாக வைத்திருந்தது. இந்தியில் அது காதல் ஏக்கம். வங்காளத்தில் விஷயமே வேறு. உலகம் சுருங்கிச் சுருங்கி வரவேற்பறை டிவிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது என்கிற புலம்பல். டிவியைக் குறை சொன்ன பாட்டின் மெட்டு, நாள் முழுக்க எல்லா டிவியிலும் ஓடியது! கேஷியருக்குக் கோபம் பாலிவுட்மேல் இல்லை. "மெட்டு போகட்டும் தாதா, அர்த்தத்தையும் கூட அனுப்பியிருக்கலாம்" என்றார்.

ரஞ்சன் கோஷால் 2020-ல் பெங்களூரில் காலமானார். பாபி என்கிற தாபஸ் தாஸுக்குப் புற்றுநோய் வந்தபோது கொல்கத்தாவிலும் டாக்காவிலும் ரசிகர்களும் இசைக்காரர்களும் பணம் திரட்டினார்கள். அந்த எட்டுப் பாட்டு வந்த காலத்தில் பிறந்தே இருக்காத பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர். 2023 ஜூனில் அவரும் போய்விட்டார்.

கேட்க நினைப்பவர்கள் 'ப்ரிதிபிடா நாகி'யில் தொடங்க வேண்டாம், இந்தி வரிகள்தான் வாயில் வரும். 1977 தட்டிலுள்ள 'பேஷே ஆஷே கல்கத்தா'வில் தொடங்குங்கள். வங்காளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் முதலில் தெரியாது.