தண்ணி எடுக்காத இன்ஜின்: காவிரிப் படுகையின் பழைய பம்புசெட்டுகளில் கோளாறு காணலும் பழுது நீக்கலும்

1. பொருளும் எல்லையும்

‘இன்ஜின் தண்ணி எடுக்கல’ என்று படுகைக்காரர் ஒருவர் மெக்கானிக்கிடம் சொல்லும்போது அதற்குள் இரண்டு புகார்கள் ஒளிந்திருக்கின்றன. இன்ஜின் நன்றாக ஓடியும் தண்ணீர் வராமல் இருக்கலாம். இன்ஜினுக்கே இழுக்கத் தெம்பில்லாமல் இருக்கலாம். பம்பின் பழுதுக்கு இன்ஜினைப் பிரிப்பதும், இன்ஜினின் பழுதுக்குப் பம்பை மாற்றுவதும் இந்தக் குழப்பத்தில் நேர்பவை. பழுது பெல்ட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஸ்பேனரைத் தொடுமுன்பே பெரும்பாலும் சொல்லிவிடலாம், அதற்கு முதல் கருவி காது என்பதே இக்கட்டுரையின் வாதம். மின்மோட்டார்கள் இதன் எல்லைக்கு வெளியே.

இன்ஜினும் பம்பும் ஒரே உடலாய் வேலை செய்வது பம்புசெட்டுக்கு மட்டும் உரியதல்ல. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக வில்லியம் ஹாமில்டன் 1954இல் உருவாக்கிய ஜெட் படகும் அடிப்படையில் ஒரு பம்புசெட்டுதான். இன்ஜின் சுழற்ற, இம்பெல்லர் தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்ச, படகு முன்னே போகிறது. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அங்கே படகைத் தள்ளுகிறது. நோய்களோ ஏறக்குறைய ஒன்றே.

2. இரண்டு இனம்

படுகையின் பழைய ஆயில் இன்ஜின்களை வேகத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது, இங்கிலாந்தின் டர்ஸ்லியில் 1930 வாக்கில் பிறந்த லிஸ்டர் வகை. 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, இருபுறமும் கனத்த ஃப்ளைவீல். ராஜ்கோட் பட்டறைகள் இதன் நகல்களைப் பல காலம் வார்த்துத் தள்ளின. இரண்டாவது, 1500 சுற்றில் ஓடும் சிறிய இன்ஜின்கள். 1946இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனத்தின் ஏவி1 இதற்கு எடுத்துக்காட்டு: 80 மி.மீ. விட்டம், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 5 குதிரைத்திறன். முன்னது தேய்ந்தாலும் அடித்துக்கொண்டே இருக்கும். பின்னது எடை குறைவு. கரைக்குக் கரை தூக்கிப் போகலாம். ஆனால் அழுக்கு டீசலை மன்னிக்காது.

3. காது சொல்வது

சுழல்விசைப் பம்பில் தண்ணீர் இருந்தால்தான் இன்ஜினுக்குச் சுமை. பம்புக்குள் காற்று புகுந்ததும் சுமை விழுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் குறைக்கிறது. அதுவரை கனத்துக் கேட்ட அடி லேசாகி, புகையும் மறைந்துவிடுகிறது. தண்ணீர் வராத நேரத்தில் இன்ஜின் இப்படி உற்சாகமாக ஓடினால் கோளாறு பம்புப் பக்கம். ஜெட் படகிலும் அப்படித்தான்: இன்ஜின் வேகமாகச் சுற்றியும் படகு நகரவில்லை என்றால் பம்பு காற்றை விழுங்குகிறது, அல்லது இம்பெல்லருக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடைவெளி கூடிவிட்டது.

மாறாக, அடி கனத்து, கரும்புகை தள்ளி, சுற்று இறங்கினால் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். சுற்று இறங்குவதைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது. 1500 சுற்று 1350 ஆனால் வேகத்தில் குறைவு 10 சதவீதம்தான். ஆனால் நீரேற்றும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 19 சதவீதம் குறைந்துவிடும். தளர்ந்து வழுக்கும் பெல்ட்டும் இதே விளைவைத் தரும். அப்போது இன்ஜின் ஓசை சரியாக இருக்கும், பெல்ட் சூடாகி ரப்பர் கருகும் வாடை வரும். இங்கே காதை விட மூக்கு நம்பகமானது.

4. பம்புப் பக்கம்

4.1 காற்று. நீரைவிடக் காற்று ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. இம்பெல்லர் எவ்வளவு சுழன்றாலும் அதைக் கொண்டு போதிய உறிஞ்சலை உண்டாக்க முடியாது. ஆகவே உறிஞ்சு குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை போதும், தண்ணீர் நின்றுவிடும். அந்த ஓட்டை வெளியே சொட்டாது, உள்ளே இழுக்கும் என்பதால் கண்ணுக்குச் சிக்காது. இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் களிமண்ணைக் குழைத்து அப்பிப் பார்ப்பது பழைய வழி. எந்த இடத்தில் அப்பியதும் தண்ணீர் பிடிக்கிறதோ அங்கே ஓட்டை. பம்புக்குள் சாணி கரைத்து ஊற்றும் வழக்கத்தையும் கேலி செய்ய வேண்டியதில்லை. நார் கலந்த அந்தக் கரைசல் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வின் கசிவையும், பம்பின் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டின் இடைவெளியையும் தற்காலிகமாக அடைக்கிறது. ஆனால் அது முதலுதவி மட்டுமே. கிளாண்டு கயிறு மாற்றும் வேலை அப்படியே நிற்கிறது.

4.2 ஆழம். காற்றழுத்தம் தாங்கும் நீர்த்தூண் கோட்பாட்டில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. கோடையில் பில்டர் பாயிண்ட் எனும் ஆழமற்ற குழாய்க்கிணற்றின் நீர்மட்டம் இறங்கும்போது, குழி வெட்டிப் பம்பைக் கீழே இறக்குவது இந்தக் கணக்கை மண்வெட்டியால் தீர்ப்பதுதான். பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வந்தால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து நீர் ஆவிக்குமிழிகளாகி உடைகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் புழு அரித்ததுபோல் ஆகிவிடும்.

5. இன்ஜின் பக்கம்

5.1 புகை. ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. டேங்கிலிருந்து வரிசையாகப் போக வேண்டும்: முதலில் ஃபில்டரின் காற்றுத் திருகு, அடுத்து டீசல் பம்பு, கடைசியில் நாசிலின் நட்டு. ஒவ்வொன்றையும் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை விட்டு இறுக்கினால் ஏர்லாக் போய்விடும். நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் தெளிப்பது. அதைச் சோதிக்கும்போது கையைக் குறுக்கே நீட்டினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

வெண்புகை வந்தும் பற்றவில்லையென்றால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16 மடங்குக்கு மேல் அமுக்குவதால் எழும் சூடே தீ. அழுத்தம் எங்கே ஒழுகுகிறது? காற்று இழுக்கும் வழியில் சிறிது இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள். கை கனத்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன, ஆயில் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

5.2 லைனர். தேய்மானம் உச்சியில், மேல்ரிங் திரும்பும் இடத்தில்தான் மிகுதி. அங்கே நகத்தால் தடவினால் படி தட்டும். இந்தப் படியை விட்டுவிட்டுப் புது ரிங் மட்டும் போடுவது படுகையில் பெருவழக்கு. புது ரிங் படியில் மோதி உடைவதும் அதே அளவு வழக்கு. இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

5.3 குளிர்நீர். இருபக்கப் பிரிவு குலைகிற இடம் இது. பம்பின் டெலிவரியிலிருந்து ஒரு சிறு குழாய் பிரிந்து இன்ஜினைக் குளிர்விக்கிறது. பல ஜெட் படகுகளிலும் இதே ஏற்பாடுதான். எனவே பம்பு தண்ணீரை இழந்தால் லேசாகி உற்சாகமாய் ஓடும் அதே இன்ஜின் சற்று நேரத்தில் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பம்பின் நோய் இன்ஜினின் மரணமாகிறது. போதாக்குறைக்குக் காவிரி வண்டல். மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறந்து வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர் வயலுக்கு உரம், இன்ஜினின் நீரறைக்கு அடைப்பு. குறுவைச் சாகுபடி முடிந்ததும் நீரறையின் அடைப்பானைக் கழற்றிக் கம்பியால் கிளறி, எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கொதித்த இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆற விட வேண்டும்.

6. மூழ்கிய இன்ஜின்

வடகிழக்குப் பருவமழையில் இன்ஜினுக்கு வேலை தலைகீழாகிறது: சம்பா வயலிலிருந்து தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும். அந்த மழையிலேயே இன்ஜினும் மூழ்கிவிடுவதுண்டு. அப்போது செய்யக் கூடாதது உடனே ஹேண்டில் போடுவது. பிஸ்டன் மேல் நிற்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்றிவிட்டு மெல்லக் கையால் சுற்றினால் தண்ணீர் அந்தத் துளை வழியே வெளியேறும். பிறகு ஆயில் முழுவதையும் இறக்க வேண்டும். பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் சுமையில்லாமல் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். அதன் பிறகும் ஆயில் வெளுத்தால், வெள்ளநீர் காரணமில்லை; லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் முன்பே போயிருக்கிறது.