மணியாச்சியில் வெடித்த பிரவுனிங்

பாட்டி காலால் மிதித்துத் தைத்த பழைய மெஷினைப் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் தையல் கடைகளில் மோட்டாரில் பறக்கும் மெஷினையும் பார்த்திருப்பீர்கள். வேகம் வேறு, உருவம் வேறு. ஆனால் உள்ளே? முனையில் காது வைத்த ஊசி, கீழே ஒரு பாபின். அதே தையல்தான்!

கைத்துப்பாக்கியின் கதையும் அப்படித்தான்.

1911, ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். கொடைக்கானலுக்குக் கிளம்பிய திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஏறிய வாஞ்சிநாதன் அவரைச் சுடுகிறார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடி, தன்னையும் சுட்டுக்கொள்கிறார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்.

யார் இந்த பிரவுனிங்? ஜான் மோசஸ் பிரவுனிங் என்ற அமெரிக்கர். சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும் இல்லையா? அந்த உதையை வீணாக்காமல் வேலை வாங்கிய ஆசாமி! உதைத்ததும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போகும். வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். ஸ்லைடு திரும்பும்போது அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. இதுதான் செமி ஆட்டோமேட்டிக்.

மணியாச்சி சம்பவத்துக்கு மூன்று மாதம் கூட இல்லை, மார்ச் 29 அன்றுதான் அமெரிக்க ராணுவம் அதே பிரவுனிங் வடிவமைத்த இன்னொரு பிஸ்டலை ஏற்றுக்கொண்டிருந்தது. பெயரே எம் 1911. சோதனையில் 6,000 ரவுண்டு சுட்டும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லையாம்! 1985 வரை அதுதான் அவர்களின் முதன்மைக் கைத்துப்பாக்கி.

இப்போது ஆஸ்திரியாவுக்கு வாருங்கள். காஸ்டன் க்ளாக் என்பவர் திரைச்சீலைக் கம்பி செய்துகொண்டிருந்தவர். அதுவரை ஒரு பிஸ்டல்கூடச் செய்ததில்லை. அவர் உருவாக்கிய க்ளாக் 17 பிஸ்டலை 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்தது. பழைய ஜாம்பவான் கம்பெனிகளெல்லாம் வாயைப் பிளந்தன!

இரண்டையும் தராசில் வைப்போம். காலி மேகஸினோடு எம் 1911 சுமார் 1,100 கிராம், முழுக்க இரும்பு. க்ளாக் சுமார் 700 கிராம்தான். காரணம், அதன் உடம்பு பாலிமர். பழையதன் மேகஸினில் 7 தோட்டா, புதியதில் 17. ஆனால் பிரித்துப் பார்த்தால், சுட்டதும் குழல் சற்றே சாய்ந்து ஸ்லைடிலிருந்து விடுபடுகிற அந்த பிரவுனிங் வித்தை இரண்டிலும் உண்டு!

இன்னொரு பெரிய மாற்றம். எம் 1911-ல் கட்டைவிரலால் போட்டு எடுக்கும் ஒரு பூட்டு உண்டு. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மட்டுமே விடுபடும் இன்னொன்றும் உண்டு. க்ளாக்கில் இரண்டுமே இல்லை. அதில் மூன்று தானியங்கித் தடுப்புகள் இருக்கின்றன. மூன்றுமே டிரிகரை இழுத்த மாத்திரத்தில் விலகிவிடும். அப்புறம் மிச்சம் இருக்கும் ஒரே பாதுகாப்பு, சுடுகிறவரின் விரல்தான்.

எடையைக் குறைத்தார்கள். தோட்டாவைக் கூட்டினார்கள். இழுப்பதா, வேண்டாமா என்று சொல்லும் மெஷினை மட்டும் யாரும் செய்யவில்லை. மணியாச்சியில் ஒரு பிஸ்டல், இரண்டு உயிர். அந்த ஸ்டேஷனின் பெயர் இன்று வாஞ்சி மணியாச்சி. அடுத்த முறை ரயில் அங்கே நிற்கும்போது, ஒரு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள்.