பெருங்காயமும் மிளகாயும்: பயிர்க்காப்புச் சரக்குகளின் கால அடுக்குகள்

முன்னுரை

காய்கறித் தோட்டத்துப் பூச்சிகளை அகற்ற இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகிய மூன்றையும் அரைத்துக் கரைத்துத் தெளிப்பதும், பூ உதிராதிருக்கப் பெருங்காயத்தைத் துணியில் முடிந்து வாய்க்கால் மடையில் வைப்பதும் இன்று தமிழகத்து இயற்கை வேளாண்மையில் பரவலாக வழங்கும் முறைகள். இவையனைத்தும் 'மரபு முறைகள்' என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. தொன்மையான முறைகள் என்ற பொருளும் அச்சொல்லில் தொக்கி நிற்கிறது. ஆனால், அஞ்சறைப் பெட்டியிலும் அதனை அடுத்தும் இருக்கும் சரக்குகள் யாவும் ஒரே காலத்தில் நம் அடுக்களைக்கு வந்தவையல்ல. எனவே அவை தோட்டத்திற்குச் சென்ற காலமும் ஒன்றாக இருத்தல் இயலாது. ஒரு பயிர்க்காப்பு முறையின் தொன்மையை, அம்முறைக்கு வழங்கும் பெயரைக் கொண்டன்றி, அதில் சேரும் சரக்குகளைக் கொண்டே கணித்தல் வேண்டும் என்பதை நூற்சான்று, பெயர்ச்சான்று ஆகிய இரண்டின் துணையுடன் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மர மருத்துவ நூல்கள்

மரங்களுக்கும் செடிகளுக்கும் மருத்துவம் கூறும் 'விருட்சாயுர்வேதம்' என்னும் துறை வடமொழியில் நெடுங்காலம் வளர்ந்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் 'பிருகத் சம்கிதை'யில் ஓர் இயலை இதற்கென ஒதுக்கியுள்ளார். 1025ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் சாவுண்டராயரின் கன்னட நூலான 'லோகோபகாரம்' இதே பொருளைப் பேசுகிறது. 14ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சார்ங்கதர பத்ததி'யின் ஒரு பகுதி 'உபவன விநோதம்' என்ற பெயரில் தோட்டக் கலையை விளக்குகிறது. தனிநூலாக விரிவுடன் அமைந்தது சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்'. ஏறத்தாழ கி.பி. 1000ஐ ஒட்டியதாகக் கணிக்கப்படும் இந்நூலின் சுவடி ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் இருந்தது. அதன் படியை ஒய். எல். நேனே பெற்றுவர, நளினி சாதலே மொழிபெயர்க்க, செகந்தராபாத்திலிருந்து இயங்கிய ஆசிய வேளாண் வரலாற்று நிறுவனம் 1996இல் நூலை வெளியிட்டது. இன்றைய இயற்கை வேளாண்மை எழுத்துகளில் 'பழைய நூல்கள் கூறுகின்றன' என்று வருமிடங்களுக்குப் பெரும்பாலும் மூலமாக நிற்பது இப்பதிப்பே.

இந்நூல்களின் நோய்க் கொள்கை மனித மருத்துவத்தினின்றும் பெறப்பட்டது. மரத்திற்கும் வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் மிகை குறைகளால் நோய் தோன்றும் என்பது சுரபாலரின் கருத்து. அதனால் மனிதர் வயிற்றுப் புழுவுக்குத் தரும் வாய்விடங்கமே மரப்புழுவுக்கும் மருந்தாகிறது. வராகமிகிரர், நோயுற்ற பகுதியை முதலில் கருவியால் செதுக்கி நீக்கிவிட்டு, வாய்விடங்கம், நெய், சேறு ஆகியவற்றைக் குழைத்துப் பூசச் சொல்கிறார். தோட்டக்காரரின் பட்டறிவு மருத்துவரின் சொற்களில் எழுதப்பட்ட நிலையை இதில் காண்கிறோம்.

புகையில் சேரும் சரக்குகள்

மரத்தைப் பற்றிய பூச்சிகளை ஒழிக்கச் சுரபாலர் ஒரு புகையைக் கூறுகிறார். வெண்கடுகு, பெருங்காயம், வாய்விடங்கம், வசம்பு, மிளகு, சேங்கொட்டை ஆகியவற்றோடு ஊனும் எருமைக்கொம்பும் அதில் சேர்கின்றன. இப்பட்டியலில் கடுகு வயலில் விளைவது. மிளகு மேற்கு மலைத்தொடரிலிருந்து வருவது. பெருங்காயமோ இந்தியாவிற்கு அப்பாலிருந்து வருவது.

பெருங்காயம் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி வடிக்கும் பால். குளிரும் வறட்சியும் சேர்ந்த ஈரான், ஆப்கானித்தான் நிலங்களே அதன் விளைநிலம். இந்தியாவில் அதனைப் பயிரிடும் முயற்சியாக 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தார் முதல் நாற்றை நட்டனர். இவ்வயல்நிலத் தோற்றத்தை அதன் வடமொழிப் பெயர்களே காட்டிநிற்கின்றன. 'அமரகோசம்' பெருங்காயத்திற்குத் தரும் பெயர்களில் 'பாகலீகம்', 'ராமடம்' என இரண்டு உள்ளன. முன்னது பாக்ட்ரியா எனப்பட்ட பால்க் நாட்டையும், பின்னது வடமேற்கில் வாழ்ந்த ஓர் இனத்தாரையும் சுட்டுவன. சுரபாலர் தம் புகைக் குறிப்பில் ஆள்வது 'ராமடம்' என்ற பெயரையே.

தமிழ்ப் பெயரின் இயல்பு வேறு. 'காயம்' என்பது காரமும் மணமும் உள்ள சரக்கைக் குறிக்கும் பொதுச்சொல். வெங்காயம் என்பதிலும் அதுவே உள்ளது. பெருங்காயம் என்னும்போது வந்த நாட்டின் சுவடு மறைந்து, பொருளின் வீறு மட்டும் பெயரில் நிற்கிறது. தமிழ்ப் பெயரை மட்டும் நோக்குவோர் அதனை உள்நாட்டுச் சரக்காகக் கருத இடமுண்டு. வடமொழிப் பெயரையும் உடன்வைத்து நோக்கும்போதே அதன் வணிக வரலாறு புலனாகிறது.

எந்தத் தோட்டத்தில் இத்தகைய புகை போட்டிருப்பர் என்ற வினா அடுத்து எழுகிறது. தொலைநாட்டுச் சரக்கை வாங்கிப் புகைக்கும் வசதி எளிய உழவருக்கு அமைந்திருத்தல் அரிது. சுரபாலர் வீமபாலன் என்னும் அரசனைச் சார்ந்த மருத்துவர். அவர் நூல் இன்பச் சோலை அமைப்பதையும் பூவின் நிறத்தை மாற்றும் விந்தைகளையும் விரித்துரைக்கிறது. ஆகவே, அந்நூல் முதன்மையாக அரண்மனைத் தோட்டத்தை நோக்கியது எனலாம். எனினும் அதே நூல், இலைப்பூச்சிக்குச் சாம்பலும் செங்கல் தூளும் தூவுக எனவும், கொடியைப் பூச்சி தின்றால் பிண்ணாக்கு கரைத்த நீரைத் தெளிக்க எனவும் கூறுகிறது. செலவில்லாத இம்முறைகள் உழவரிடமிருந்து நூலுக்குள் புகுந்தவையாகலாம். ஒரே நூலில் இரு தோட்டங்கள் உள்ளன என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

மஞ்சள்: நூல் கூறுவதும் கூறாததும்

மஞ்சள் பூச்சிகளை விரட்டும் என்பது ஆய்வால் உறுதிப்பட்ட ஒன்று. மஞ்சள் கிழங்கின் எண்ணெயிலுள்ள டர்மரோன் என்னும் பொருள்கள் சிவப்பு மாவு வண்டை அணுகவிடாமல் தடுக்கின்றன என 1982இல் வெளியான ஆய்வு காட்டியது. பிருகத் சம்கிதையிலும் மஞ்சள் வருகிறது. புளியவித்தை அரிசி, உளுந்து, எள் ஆகியவற்றின் மாவு முதலியன கலந்த நீரால் நனைத்து, மஞ்சட்புகை ஊட்டவேண்டும் என்கிறது அந்நூல். இவ்விரண்டையும் இணைத்து, வராகமிகிரர் மஞ்சளால் பூச்சியை ஓட்டினார் எனக் கூறிவிடுவது எளிது. ஆனால், நூல் அங்குக் கூறும் பயன் வித்து முளைத்தலே; பூச்சி பற்றிய பேச்சு அவ்விடத்தில் இல்லை. இன்றைய வேதியியல் முடிவைப் பழைய பாட்டின்மேல் ஏற்றிப் பொருள் கொள்ளுதல் உரையாசிரியர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் ஒருங்கே விலக்கத்தக்கது.

மிளகாயும் புகையிலையும்

இன்றைய கரைசல்கள் பலவற்றில் முதலிடம் பெறுவது மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. அதற்கு முற்பட்ட எந்த மர மருத்துவ நூலிலும் அது இருக்க இயலாது. இதற்கு இந்திய மொழிகளின் பெயரீடே வலுவான சான்று. தமிழில் மிளகு என்ற பழம்பெயரோடு காய் சேர்ந்து மிளகாய் ஆயிற்று. கன்னடத்தின் 'மெணசினகாயி'யும் தெலுங்கின் 'மிரபகாய'வும் அவ்வாறே அமைந்தன. மலையாளத்திலும் இந்தியிலும் நிலைமை இன்னும் சுவையானது. அங்கு 'முளகு', 'மிர்ச்' என்னும் பெயர்களைப் புதிய காயே கைப்பற்றிக்கொள்ள, பழைய மிளகு 'குருமுளகு', 'காலி மிர்ச்' என அடைமொழி பூணவேண்டியதாயிற்று. காரத்திற்கு மிளகையே நம்பியிருந்த ஒரு சமூகத்தினுள் புதிய சரக்கு நுழைந்த வரலாறு இப்பெயர்களில் பதிந்துள்ளது.

புகையிலையும் இத்தகையதே. தமிழ் 'புகையிலை', மலையாளம் 'புகயில', தெலுங்கு 'பொகாகு', கன்னடம் 'ஹொகெசொப்பு' ஆகிய நான்கும் புகைக்கும் இலை என்றே பொருள்படும் புத்தாக்கங்கள். இந்தியின் 'தம்பாக்கு' போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய 'அக்னி அஸ்திரம்' என்னும் கரைசலில் பசுவின் சிறுநீர், வேப்பிலை, பூண்டு ஆகியவற்றோடு மிளகாயும் புகையிலையும் சேர்கின்றன. அதன் பெயர் இதிகாசத்தை நினைவூட்டுவது. அதன் சரக்குகளில் இரண்டோ அமெரிக்காவிலிருந்து வந்தவை. இது அம்முறையின் பயனைக் குறைப்பதன்று. புதிய சரக்கு கைக்கு வந்தபோது அதன் காரத்தையும் நஞ்சையும் அறிந்து பயிருக்கு ஆக்கிக்கொண்ட உழவரின் ஆய்வுத்திறனே இங்கு வெளிப்படுகிறது. மரபு என்பதைத் தேங்கிய நீராகக் கருதுவோரே இதனைக் குறையாகக் காண்பர்.

காலக்கணிப்பின் தேவை

இக்கணிப்பு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. மஞ்சளைப் புண்ணாற்றும் மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வடமொழி நூல்களையும் 1953இல் அச்சான ஒரு மருத்துவக் கட்டுரையையும் உள்ளிட்ட சான்றுகளைக் காட்டி முறையிட்டது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அளித்த உரிமை 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. இவ்வனுபவத்தின் பின்னணியில் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றன.

மஞ்சள் வழக்கில் எடுபட்டது காலம் குறித்த எழுத்துச் சான்று. 'எம் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்தது' என்ற பொதுக்கூற்று அத்தகைய இடங்களில் பயன்தராது. மிளகாய்க் கரைசலைப் பண்டை நூல் கூறியது என ஒருவர் எழுதினால், எதிர்த்தரப்பார் மிளகாயின் வரலாற்றை ஒரு வரியில் காட்டி அதனை மறுத்துவிடுவர். அதனுடன் உண்மையான சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இன்று ஒன்றாகக் கருதப்படும் சரக்குகளில் குறைந்தது மூன்று அடுக்குகள் புலனாகின்றன. கடுகு, மிளகு, சாம்பல் போன்ற உள்நாட்டுப் பொருள்கள் ஓர் அடுக்கு. நிலவழி வணிகம் கொணர்ந்த பெருங்காயம் மற்றோர் அடுக்கு. 16ஆம் நூற்றாண்டிற்குப் பின் கடல்வழி வந்த மிளகாயும் புகையிலையும் மூன்றாம் அடுக்கு. இவற்றைப் பிரித்துணர நூற்சான்று மட்டும் போதாது. உழவர் அறிவின் பெரும்பகுதி நூலேறாதது. அவ்விடத்தில் துணைநிற்பவை பெயர்களே. வட்டார வழக்கிலுள்ள பயிர்நோய்ப் பெயர்களையும் பூச்சிப் பெயர்களையும் மருந்துச் சரக்குப் பெயர்களையும் அவை வழங்கும் இடத்துடன் தொகுத்து, பிற இந்திய மொழிகளின் பெயர்களோடு ஒப்பிடும் பணி பல பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகள் கூடிச் செய்யத்தக்கது. தாவரவியலார்க்குச் செடியின் பிறப்பிடம் தெரியும்; அதன் பெயர் பிறந்த வரலாற்றை எடுத்துரைக்கும் பொறுப்பு மொழியாய்வாளருடையது.